மிஸ்ஸிங் அடிக்கும்போதே வண்டியை நிறுத்துங்கள்

காரின் டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு இரண்டு விதமாக எரியும். அசையாமல் எரிந்தால், புகையின் தரத்தைக் கெடுக்கக்கூடிய ஏதோ ஒரு பழுதை வண்டியின் கம்ப்யூட்டர் குறித்துவைத்திருக்கிறது என்று பொருள். வேறு கோளாறு தெரியாதவரை இரண்டொரு நாளில் ஷெட்டுக்குக் கொண்டுபோனால் போதும். விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. ஒரு பாகம் இந்த நொடியில் கெட்டுக்கொண்டிருக்கிறது, அதுவும் வண்டியிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று. ஒரே விளக்கு இரண்டு வேலை செய்வதால் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி, 'சர்வீஸுக்கு விடும்போது சொல்லிக்கொள்ளலாம்' என்று ஓட்டிப்போகிறவர்கள் ஏராளம். அந்த நினைப்புக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது. மின்னும் விளக்குக்கு ஆகப்போகும் செலவில் பெரும்பகுதி ஷெட்டில் தீர்மானமாவதில்லை. விளக்கு மின்னத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் ஓட்டுபவர் என்ன செய்கிறார், பிறகு மெக்கானிக்கிடம் என்ன கேட்கிறார் என்ற இரண்டில்தான் அது தீர்மானமாகிறது.

முதலில் விளக்கு எதைப் பார்த்து மின்னுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை பற்றி எரிய வேண்டும். 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 25 முறை. நான்கு சிலிண்டர் வண்டியில் மொத்தம் 100 முறை. காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போய், அமுக்கப்பட்டு, பற்றாமல் அப்படியே வெளியேறினால் அதுதான் மிஸ்ஃபயர். ஷெட்டில் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பார்கள். வண்டி உதறும், பிக்கப் குறையும், ஐடிலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரை நடுக்கம் வரும். இந்தியாவில் அதிகம் விற்கும் சிறிய கார்களில் பல மூன்று சிலிண்டர் வண்டிகள். அவற்றில் ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு இழுவை போய்விடுகிறது. உதறலும் அதற்கேற்பக் கூடுதலாக இருக்கும்.

மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிப்பதற்கென்றே தனி சென்சார் பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம் ஒன்று உண்டு. பல கார்களில் அது 60 பல்லுக்கான இடத்தில் 58 பல்லும், அடையாளத்துக்காக இரண்டு பல் அளவு இடைவெளியும் கொண்டது; ஆறு டிகிரிக்கு ஒரு பல். ஒவ்வொரு சிலிண்டரும் பற்றி எரியும்போது கிராங்க் ஒரு சிறு உந்துதல் பெறும். பற்றாவிட்டால் அந்த இடத்தில் நூலிழை அளவு தாமதிக்கும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையிலான நேரத்தை அளந்தபடியே இருக்கும் கம்ப்யூட்டருக்கு இந்தத் தாமதம் தெரிந்துவிடுகிறது. எந்த சிலிண்டரின் முறை வந்தபோது தாமதித்தது என்பதும் தெரிகிறது. அமெரிக்கா 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கிய ஓ.பி.டி.-2 (வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் முறை) விதிகளின்படி மிஸ்ஸிங் இரண்டு கணக்கில் எண்ணப்படுகிறது. புகையின் தரம் கெடுகிறதா என்று பார்க்க 1,000 சுற்றுக்கு ஒரு கணக்கு. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடுகிறதா என்று பார்க்க 200 சுற்றுக்கு ஒரு கணக்கு. 3,000 ஆர்.பி.எம்.மில் 200 சுற்று என்பது நான்கே நொடி. இவ்வளவு குறுகிய கணக்கை விதி எழுதியவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கேடு அந்த வேகத்தில் நடக்கிறது என்பதுதான். ஐரோப்பிய விதியும் கன்வெர்ட்டருக்குச் சேதம் வரக்கூடிய அளவு மிஸ்ஸிங் நடக்கும்போது விளக்கு தனி முறையில் எச்சரிக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய மாதிரியைப் பின்பற்றும் நம் பாரத் ஸ்டேஜ் மாசு விதிகளில், ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து ஓ.பி.டி.-2 வந்தது.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. அதற்காகவே ஈயம் கலக்காத பெட்ரோல் அந்த நகரங்களின் பங்க்குகளுக்கு வந்தது. சைலன்சர் வரிசையில் என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகக் கூட்டுக்குள், நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் தேனடை ஒன்று இருக்கிறது. அதன் சுவர்களில் பூசிய அலுமினா மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் துகள்கள் படிந்திருக்கின்றன. 2021-ல் ஒரு அவுன்ஸ் ரோடியம் 25,000 டாலருக்கு மேல் விலைபோனது என்பதிலிருந்து இந்தப் பாகத்தின் மதிப்பை ஊகிக்கலாம். சாதாரண ஓட்டத்தில் அது ஏறக்குறைய 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேலை செய்யும். மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலும், கூடவே அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜனும் ஒன்றாக வந்து சேர்கின்றன. என்ஜினுக்குள் எரிய வேண்டியது கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. சூடு 1,000 டிகிரியைத் தாண்டினால் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து வினைபுரியும் பரப்பை இழக்கும். 1,400 டிகிரிக்கு மேல் போனால் பீங்கானே உருகி வழியை அடைக்கும். அடைத்த பிறகு புகை வெளியேற முடியாமல் என்ஜின் மூச்சுத் திணறும். பிளக் ஒன்று தேய்ந்ததில் தொடங்கிய பழுது இப்படித்தான் அதைவிடப் பல மடங்கு செலவில் போய் முடிகிறது. இன்னொரு கேடும் உண்டு. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, என்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்கிறது.

ஆகவே விளக்கு மின்னியதும் முதல் வேலை ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. சுமை குறைந்தால் எரியாமல் போகும் பெட்ரோலின் அளவும் குறையும். ஓரங்கட்டி, பாதுகாப்பான இடமாகப் பார்த்து என்ஜினை அணைத்துவிட வேண்டும். நிறுத்தும் இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் நம் கிராமச் சாலைகளில் வைக்கோலும் கதிரும் காயப்போட்டிருக்கும். ஓரத்தில் காய்ந்த புல் இருக்கும். செந்தணலாகக் காய்ந்திருக்கும் கன்வெர்ட்டரை அதன்மேல் நிறுத்துவது தீயை அழைப்பதற்குச் சமம். 'நெடுஞ்சாலையில் இரவு பதினொரு மணிக்கு, குடும்பத்தோடு போகும்போது எங்கே நிறுத்துவது?' என்று கேட்பது நியாயமான கேள்வி. கன்வெர்ட்டரைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட இடத்தில் மெதுவான வேகத்தில், ஏற்றிப் பிடிக்காமல், அடுத்த பங்க்கோ டோல் பிளாசாவோ வரை உருட்டிப்போகலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் 'இன்னும் நூறு கிலோமீட்டர்தானே, ஊருக்கே போய்விடலாம்' என்று கிளம்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன். டோ செய்ய ஆகும் வாடகை கன்வெர்ட்டர் விலையோடு ஒப்பிட்டால் சிறு தொகை.

இங்கே பலரை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. கொஞ்ச தூரம் மெதுவாகப் போனதும் மின்னுவது நின்று விளக்கு அசையாமல் எரியத் தொடங்கும். 'சரியாகிவிட்டது' என்று மறுபடி வேகமெடுப்பார்கள். விதியின் ஏற்பாடே அதுதான்: கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவு மிஸ்ஸிங் நடக்கும்போது மின்னும், அது தணிந்ததும் நிலையாக எரியும். பழுது அப்படியே இருக்கிறது. சுமை ஏறினால் மீண்டும் மின்னும். வேறு சில வண்டிகளில் கம்ப்யூட்டரே அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரை மூடி, பெட்ரோல் போகாமல் செய்து கன்வெர்ட்டரைக் காப்பாற்றும். அப்போதும் மின்னுவது நின்றுவிடும், உதறல் மட்டும் நிற்காது. விளக்கையும் உதறலையும் சேர்த்தே படிக்க வேண்டும். (டீசல் வண்டிகளில் விளக்கு மின்னுவதற்குக் காரணங்கள் வேறு, அவற்றுக்கு வண்டியோடு வந்த கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.)

ஷெட்டுக்கு வண்டி வந்துவிட்டது. மெக்கானிக் ஸ்கேனரைப் போடுகிறார். பி 0300 என்று வந்தால் பல சிலிண்டர்களில் மாறிமாறி மிஸ்ஸிங். பி 0301 என்றால் முதல் சிலிண்டர், 0302 என்றால் இரண்டாவது, இப்படிப் போகும். எரர் கோட் இடத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்ற செய்திக்குப் பின்னால் பிளக், காயில், இன்ஜெக்டர், ஒயர், வால்வு, கேஸ்கெட் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். கோடோடு சேர்த்துக் கம்ப்யூட்டர் இன்னொன்றையும் சேமித்துவைக்கிறது. பழுது பதிவான கணத்தில் என்ஜின் எத்தனை ஆர்.பி.எம்.மில் இருந்தது, சுமை எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, வண்டி என்ன வேகத்தில் போனது என்ற விவரங்கள் அதில் இருக்கும். இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். காரணத்தைத் தேடும் வேலையில் பாதியை இதுவே முடித்துவிடும். காலையில் குளிர்ந்த என்ஜினில் மட்டும் வந்ததா? ஒழுகும் இன்ஜெக்டர், சரியாக மூடாத வால்வு, சிலிண்டருக்குள் கசியும் கூலன்ட் ஆகியவற்றின் மேல் சந்தேகம் விழும். ஐடிலில் மட்டும் வந்து, ஏற்றிப் பிடித்தால் மறைகிறதா? எங்கோ காற்று உறிஞ்சுகிறது. ஏற்காடு மலைப்பாதை ஏறும்போதோ, லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ வந்ததா? பிளக்கையும் காயிலையும் முதலில் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூடப் பொறி தாவுவதற்கு வேண்டிய வோல்டேஜும் கூடும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும், உள்ளே கசியும் காயிலும் அந்த நேரத்தில்தான் கைவிடும்.

இதனால்தான் 'கோடை அழிச்சுட்டேன் சார், இனி வராது' என்பதைச் சிகிச்சையாக ஏற்கக் கூடாது. அழித்தால் கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். பல வண்டிகளில் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் அதே கதை. இப்போது சில நூறு ரூபாய்க்கே புளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, செல்போனில் படித்துவிடலாம். வாங்கிவைத்துக்கொள்வது நல்லதே. ஆனால் அதை வாங்குகிறவர்கள் முதலில் தொடுவது 'அழி' என்ற பட்டனைத்தான். படம் எடுத்துவைத்துக்கொண்டு அழிக்காமல் விட்டால் அந்தக் கருவி தன் விலையைப் பலமுறை திருப்பித் தந்துவிடும்.

அடுத்தது நிரூபணம். சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும் வண்டிகளில் இதற்குச் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. பி 0302 வந்திருக்கிறது என்றால் இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, சிறிது நேரம் ஓடவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். கோட் 0303-க்கு நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் பிளக்கை அப்படியே இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. கழற்றிய பிளக்கே பல செய்தி சொல்லும். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. காய்ந்து வெளுத்திருந்தால் பெட்ரோல் வரவில்லையோ என்று இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். ஆயில் படிந்திருந்தால் கேள்வி என்ஜினுக்குள்ளேயே போகிறது. பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் டேப்பட் கவர் பேக்கிங் போயிருக்கிறது. தண்ணீர் தேங்கியிருந்தால், அண்மையில் வாட்டர் சர்வீஸ் செய்தபோது பானெட்டைத் திறந்து பிரஷர் அடித்தார்களா என்று கேட்க வேண்டும். உலர்த்தி மாட்டினாலே பல சமயம் சரியாகிவிடும். ஒயர்களைக் கண்ணால் பார்ப்பதையும் விடக் கூடாது. வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த இன்ஜெக்டர் ஒயர் அபூர்வமான பழுதல்ல.

'இவ்வளவு எதற்கு? பிளக், காயில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது' என்பார்கள் சிலர். இதில் பாதி உண்மை உண்டு. பிளக்குகளின் ஆயுள் முடிந்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவதுதான் சரி. சாதாரண நிக்கல் பிளக்குகள் விரைவில் தேயும், இரிடியம் பிளக்குகள் பல வண்டிகளில் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை தாங்கும். தேய்ந்த பிளக்கை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் புதிதாகப் போட்டால், அகன்ற இடைவெளியைத் தாவ உழைத்து உழைத்துப் புதிய காயிலும் சீக்கிரம் போகும். ஆனால் நிரூபிக்காமல் நான்கு காயிலையும் மாற்றுகிறவர், பழுது காயிலில் இல்லாதபோது பணத்தையும் இழந்து பழுதையும் வைத்துக்கொள்கிறார். காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் இடம் மாற்றிப் பார்த்தும் கோட் அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரெஷன் பார்க்காமல் மேற்கொண்டு ஒரு ரூபாயும் செலவழிக்கக் கூடாது. சி.என்.ஜி.யில் ஓடும் கால் டாக்ஸிகளுக்கு இந்த நிரூபிக்கும் முறை இன்னும் பொருந்தும். காஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும் என்பதால் பலவீனமான காயில் அங்கேதான் முதலில் தோற்கும். பெட்ரோலுக்கு மாற்றினால் மிஸ்ஸிங் மறைவது நல்ல தடயம். காஸில் நீண்டநாள் ஓடிய என்ஜின்களில் வால்வு சீட் தேய்ந்து டேப்பட் இடைவெளி இறுகிப்போவதும் உண்டு. அப்போது எத்தனை பிளக் மாற்றினாலும் பயன் இராது.

பழைய கைவினை முறை ஒன்றைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் எந்த சிலிண்டர் படுத்திருக்கிறது என்று அறிய, ஓடும் என்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். எதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். அந்தக் காலத்து வண்டிக்கு அது அருமையான முறை. காதை மட்டும் நம்பி வேலை செய்த தலைமுறையின் திறமை மதிப்புக்குரியது. இன்றைய வண்டியில் காயிலைப் பிடுங்கினாலும் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். அத்தனையும் நேராகக் கன்வெர்ட்டருக்குப் போகும். விளக்கு எதை எச்சரித்ததோ அதையே நாம் கையால் செய்கிறோம். அதே சோதனையை இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிச் செய்தால் பெட்ரோல் போகாது, கேடும் இல்லை.

'நம் சாலைக் குழிகளுக்கு அந்த மிஸ்ஸிங் கணக்கு ஏமாந்துபோகும், விளக்கை நம்ப முடியாது' என்ற வாதம் வெறும் சாக்கு அல்ல. கரடுமுரடான சாலையில் சக்கரத்தின் அதிர்ச்சி கிராங்க் வரை போய், மிஸ்ஸிங் போலத் தோற்றம் தரக்கூடும். தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும், ஏ.பி.எஸ். சக்கர வேக சென்சாரின் தகவலை வைத்துச் சாலை மோசமாக இருக்கும்போது இந்தக் கணக்கை நிறுத்திவைக்கும் ஏற்பாடு பல வண்டிகளில் உண்டு. ஐயம் இருந்தால் தீர்ப்பது எளிது. சமமான இடத்தில் நிறுத்தி ஐடிலில் விட்டும், சீரான சாலையில் ஓட்டியும் ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பார்க்கலாம். விளக்கு பொய் சொல்கிறது என்ற முடிவுக்கும் ஆதாரம் தேவை. ஊகத்தில் அந்த முடிவுக்கு வருகிறவர் கன்வெர்ட்டரைச் சூதில் வைக்கிறார்.

கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்ட பிறகு வரும் யோசனை இன்னும் மோசமானது: உள்ளே இருக்கும் பீங்கானை உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் கூட்டை மாட்டுவது. வண்டி ஓடும், பிக்கப்பும் திரும்பும். கார்பன் மோனாக்ஸைடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சுத்திகரிக்கப்படாமல் தெருவுக்கு வரும். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பைக்கில் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை அதை மூச்சில் இழுக்கும். காற்று மாசு வரம்பை மீறும் வண்டியை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றம் என்பது இதற்கு அடுத்த காரணம்தான்.

பழுது நீங்கியதை உறுதிசெய்யவும் அவசரம் கூடாது. கோடை அழித்த பிறகு, முதலில் பழுது வந்த அதே நிலைமையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்: குளிரில் வந்தது என்றால் மறுநாள் காலை, ஏற்றத்தில் வந்தது என்றால் ஒரு மேம்பாலத்தில். கோடை அழிக்காமல் விட்டாலும், மிஸ்ஸிங் திரும்பாத மூன்று தொடர் ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு தானே அணையும். மிஸ்ஸிங் போய்ச் சில வாரம் கழித்து பி 0420 என்ற கோடோடு விளக்கு மறுபடி அசையாமல் எரிந்தால், கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறது. அப்போதும் உடனே புதியது வாங்கிவிடக் கூடாது. சைலன்சர் இணைப்புகளில் புகைக் கசிவு இருக்கிறதா, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்து, அந்தச் சோதனையின் முடிவை பில்லிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும்.